கண் துடித்தால் பலன், தோள் உலுப்பினால் பழக்கம்

வலக்கண் துடித்தால் ஆணுக்கு நல்லது. இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லது. யாழ்ப்பாணத்தில் இதை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, தெரியாதவரும் இல்லை. நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு பஸ் ஏறப் போகிற மகன் "அம்மா, இடக்கண் துடிக்குது" என்றால், "நித்திரை முழிச்சதுதான், முகத்தைக் கழுவிப்போட்டு வா" என்பாள் தாய். சொல்லிவிட்டுச் சாமியறைப் பக்கம் ஒருக்கால் எட்டியும் பார்ப்பாள்.

அதே வீட்டில் ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன் நாள் முழுக்கக் கண்ணை வெட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான், இடைக்கிடை வலத்தோளை உலுப்புகிறான் என்று வையுங்கள். அதற்குப் பலன் பார்ப்பார் எவருமில்லை. முதலில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போவார்கள். பிறகு ரீவியைக் குற்றம் சொல்வார்கள். கடைசியில் "கெட்ட பழக்கம் பழகிட்டான்" என்ற தீர்ப்பு வரும். ரியூசன் கொட்டிலில் ஆசிரியர் "என்ன தம்பி, ஆரைப் பார்த்துக் கண்ணடிக்கிறாய்?" என்று கேட்க, முழு வகுப்பும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் தோள் இன்னும் இரண்டு மடங்கு உலுப்பும்.

இந்த இரண்டாவது வகை அசைவுக்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஒரே குறுஞ்சொல் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றிலும் அது 'டிக்'. யாழ்ப்பாணத்து எழுத்துவழக்கில் 'ரிக்'. ரீச்சர், ரிக்கற், ரியூசன் என்று எழுதிப் பழகிய ஊர் இது. டகரம் மொழிமுதலில் வராது என்ற விதியைக் காப்பாற்றுவதற்காக, அதேபோல மொழிமுதலில் வராத ரகரத்தைத் துணைக்குக் கூப்பிட்ட கெட்டிக்காரத்தனம் நம்முடையது. ஊர் வழக்கை ஒட்டி இங்கே 'ரிக்' என்றே எழுதுகிறேன். அந்தச் சொல் எங்கே பிறந்து எப்படித் திரிந்தது, தமிழில் அதன் இடத்தை எவையெல்லாம் பிடித்துக்கொண்டன, நமக்கென ஒரு பெயர் ஏன் அமையாமல் போயிற்று என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

சொல் முதலில் குதிரை லாயத்திலிருந்து வருகிறது. தீவனத் தொட்டியின் விளிம்பைப் பல்லால் கவ்வி, கழுத்தை இறுக்கிக் காற்றை விழுங்குகிற குதிரைகள் உண்டு. பிரெஞ்சுக் குதிரைக்காரர்கள் அந்தச் சேட்டைக்கு வைத்த பெயர்தான் ரிக். அவர்களுடைய மிருக வைத்தியர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். மனிதருக்கு அது பிறகுதான் வந்தது. 1756இல் வெர்சாய் நகரத்து அறுவை வைத்தியர் நிக்கொலா ஆந்திரே, முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல வந்து முகத்தையே கோணச் செய்கிற ஒரு நோவுக்கு 'வலிக்கும் ரிக்' என்று பெயரிட்டார். இன்று அதை முக நரம்பு நோவு என்று தனியே பிரித்துவிட்டார்கள். ஆக, மருத்துவத்துக்குள் கால் வைத்தபோதே இந்தச் சொல் தப்பான வீட்டுக்குள்தான் நுழைந்தது.

பிறகு அது மொழிக்கொரு வேசம் கட்டியது. இத்தாலியரின் 'திக்கியோ' என்பது மனம் போன போக்கு, திடீர் ஆசை. ஜெர்மன்காரர் ஒருவருக்கு 'ரிக் இருக்கிறது' என்றால் ஆள் சற்றுக் கிறுக்கு என்று பொருள். 'ஒரு ரிக் கூட' என்றால் ஒரு துளி அதிகம். ஒல்லாந்தருக்கு 'ரிக்' என்பது விரலால் ஒரு சின்னத் தட்டு. பிரெஞ்சில் பேச்சுக்குப் பேச்சு ஒரே சொல்லைச் செருகுகிறவருக்கு மொழி ரிக். ஸ்பானியப் பள்ளிகளில் அந்த மூன்று எழுத்துகள் தகவல் தொழில்நுட்பப் பாடத்தின் சுருக்கப் பெயர். ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பில் மணிக்கூட்டின் ஓசையும், மாட்டில் ஒட்டும் உண்ணியும், விடைத்தாளில் போடுகிற சரி அடையாளமும் வருகின்றன. யாழ்ப்பாணத்துத் தாயிடம் "உங்கட பிள்ளைக்கு ரிக்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பிள்ளை எந்தப் பாடத்தில் பாஸ் என்று கேட்டாலும் கேட்பாள்.

தமிழிலும் அந்த ஒலி வேலையில்லாமல் இல்லை. பயத்தில் நெஞ்சு திக்குத் திக்கென்கிறது. செய்தி கேட்டுத் திக்கென்றது. பேச்சு வராதவன் திக்குகிறான். திசையைக் குறிக்கும் 'திக்கு' வடமொழி வழி வந்தது, அதற்கும் இவற்றுக்கும் உறவில்லை. மற்ற மூன்றும் ஒலிக்குறிப்பில் பிறந்தவை. திடீரென்று நின்று, திடீரென்று துள்ளுகிற எதற்கும் நாக்கு மேல்வரிசையில் முட்டித் தெறிக்கிற ஓசை பொருத்தமாக இருக்கிறது போலும். இதற்குமேல் இதில் மொழியியல் இழுத்தால் அறுந்துவிடும்.

நம்முடைய சொத்து 'துடி'. இதயம் துடிக்கிறது, கண் துடிக்கிறது, கரையில் போட்ட மீன் துடிக்கிறது. பிள்ளையைக் காணாமல் தாய் துடிக்கிறாள். கனடா போகத் துடிக்கிறான் தம்பி. சுறுசுறுப்பான பிள்ளையைத் துடியாட்டம் என்று மெச்சுகிறோம். பாலை நிலத்து மறவரின் சிறு பறைக்கும் பெயர் துடி. அதை முழக்கியவன் துடியன். நோவு, ஆசை, உயிர், இசை, கெட்டித்தனம் எல்லாவற்றையும் ஒரே வேர் தாங்குகிறது. இவ்வளவு தாங்குகிற சொல், பொடியனின் தோள் உலுப்பலைத் தனியாகப் பெயர் சொல்லிக் காட்டமாட்டாது. பெரிய குடும்பத்தில் கடைக்குட்டியின் பெயர் மறந்துபோவதுபோலத்தான்.

கண் துடிப்புக்கு மட்டும் நம் இலக்கியத்தில் தனி ஆசனம் உண்டு. கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாட்டொன்றில், பொருள் தேடிப் போன தலைவன் திரும்பி வருவான் என்பதற்குத் தலைவி காட்டுகிற சான்றுகளில் இரண்டு, பல்லியின் நல்ல சொல்லும் இடக்கண்ணின் ஆட்டமும். அங்கே வருகிற வினை 'ஆடு'. தெற்கே சிங்களத்தவரும் கண் துடிப்பதை 'ஆடுகிறது' என்ற பொருளில் 'நடனவா' என்கிறார்கள். இந்தியில் அது சிறகடிக்கிறது, தெலுங்கில் அதிர்கிறது. கண்ணை ஆடவைத்த மொழிகள் சங்கத் தமிழும் சிங்களமும் என்பது இந்தத் தீவில் இருந்து பார்க்கையில் ருசியான பொருத்தம். கூட்டத்துக்குக் கிரேக்கத்தையும் சேர்க்கலாம்: கைகால் தாமே நெளிந்தாடுகிற ஒரு நோய்க்கு மருத்துவம் வைத்திருக்கிற 'கொறியா' என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் நடனம் என்றே பொருள்.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா முடிகிற இடத்தில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். இரண்டு பெண்களின் இமைகளுக்கு மட்டும் வரப்போவது தெரிந்துவிட்டது. இளங்கோ இதற்கு விளக்கம் எதுவும் வைக்கவில்லை. வைக்கத் தேவையில்லாத அளவுக்குக் கேட்போருக்குச் சங்கதி தெரிந்திருந்தது.

கம்பன் ஒரு படி மேலே போகிறான். அசோகவனத்தில் சீதை திரிசடையிடம் தன் துடிப்புகளின் வரலாற்றையே ஒப்புவிக்கிறாள். முனிவனோடு இராமன் மிதிலைக்கு வந்தபோது இடப்பக்கம் துடித்தது. அவன் நாட்டைத் தம்பிக்கு விட்டுக் காடு புகுந்த நாளில் வலப்பக்கம். இராவணன் வஞ்சனையாக வந்த அன்றும் வலம். இப்போது மறுபடி இடம். நோயாளி நாள் வாரியாகக் குறித்துக்கொண்டு வந்து வைத்தியருக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி. வான்மீகியில் வேறொரு கெட்டிக்காரத்தனம்: இராமனும் சுக்கிரீவனும் நட்புக் கொண்ட அதே கணத்தில் சீதை, வாலி, இராவணன் மூவருக்கும் இடக்கண் துடிக்கிறது. துடித்தது ஒரே கண். பெண்ணுக்கு அது விடிவு, ஆண்கள் இருவருக்கும் முடிவு. காளிதாசனின் துஷ்யந்தனுக்கு ஆச்சிரமத்துக்குள் நுழையும்போது வலக்கை துடிப்பதையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

இது நம்மவரின் தனிக் கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தியோக்கிரித்தசு என்ற கிரேக்கக் கவியின் ஆட்டிடையன், காதலியின் குகை வாசலில் நின்று வலக்கண் துடிக்கிறதே, அவளைக் காண்பேனோ என்று ஏங்குகிறான். உடம்பின் ஒவ்வொரு பாகத் துடிப்புக்கும் பலன் சொல்கிற கிரேக்க நூல் ஒன்று மெலாம்பசு பெயரில் வழங்கியது. அந்த வகை ஏடுகளின் துண்டுகள் எகிப்தின் பப்பைரசுகளில் கிடைத்திருக்கின்றன. அரபியில் 'இக்திலாஜ்' என்று ஒரு தனிச் சாத்திரம். துருக்கியில் 'செயிர்நாமே' நூல்கள். சாவகத்தில் 'பிரிம்போன்' ஏடுகளில் துடிப்பதிகாரம். சீனத்தில் ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல் இடக்கண் என்றால் செல்வம், வலக்கண் என்றால் ஆபத்து. நம்மிடம் இந்தச் சரக்குக்குத் துடிநூல் என்று பெயர். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்துப் பல்லி சாத்திரத்துக்கு அது பக்கத்து வீடு.

இத்தனை நூல்களுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. துடிப்பு அபூர்வமாக வரவேண்டும். ஒரு தடவை, ஒரு பக்கம், ஒரு நாள். அப்போதுதான் அது செய்தி. நாளுக்கு நூறு தரம் துடிக்கிற இமையிலிருந்து எந்தச் சோதிடரும் பலன் எடுக்க முடியாது. தினமும் பொழுதுபட அடிக்கிற கோயில் மணியைக் கேட்டு யாரும் பதறி ஓடுவதில்லையே. ஆகவே திரும்பத் திரும்ப வருகிற அசைவைத் துடிநூல் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மருத்துவம் பார்த்ததா? யாழ்ப்பாணத்துக்கென்று சொந்த வைத்திய மரபு உண்டு. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற செகராசசேகரமும் பரராசசேகரமும் அதன் தாய் நூல்கள். ஏட்டில் கிடந்த அவற்றை ஏழாலை ஐ. பொன்னையா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேடிச் சேர்த்து அச்சேற்றியிராவிட்டால் இன்று பெயர்தான் மிஞ்சியிருக்கும். சித்த மரபில் தானே அசைகிற உடம்பு வாதத்தின் கணக்கு. வாத நோய் எண்பது என்று யூகி முனிவரின் பெயரில் வழங்கும் நூல் எண்ணுகிறது. அவை ஊர்ப்பேச்சுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கின்றன என்பதற்குச் சான்று வேண்டுமானால், வைத்தியசாலை வாசலில் நின்று காது கொடுத்தால் போதும். மூளையில் இரத்தம் அடைத்து ஒரு பக்கம் விழுந்தவருக்குப் 'பாரிசவாதம்'. ஆணி குத்தியவருக்கு 'ஏற்பு ஊசி'. ஏற்பு என்பது உடம்பை வில்லாக வளைக்கிற அந்தப் பொல்லாத வலிப்பு. கெண்டைக்கால் 'குறண்டிப் பிடிக்கும்'. பாலர் நோய்களில் மாந்தம் முற்றினால் வலி. காய்ச்சல் தலைக்கேறினால் சன்னி. இந்தச் சன்னிதான் தென்னிலங்கைக்குப் போய்ப் பதினெட்டு முகமூடிகளாகிச் 'சன்னியகும' என்ற சடங்காக ஆடுகிறது.

ஆளை விழுத்துகிற, வளைக்கிற, நினைவு தப்பச் செய்கிற அசைவுகளுக்கெல்லாம் பெயர் தாராளமாக இருக்கிறது. நினைவோடு நின்று, பாடம் எழுதிக்கொண்டே, இடையில் தோளை ஒருமுறை உலுப்புகிற பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவன் சாகப்போவதில்லை, வைத்தியருக்கு அவசரமில்லை.

இன்னொரு வாசல் இருக்கிறது, கோயில் வாசல். பறை முழங்க, வேப்பிலை கையில் இருக்க, ஒருவருக்குக் 'கலை வருகிறது'. உடம்பு தானே உதறுகிறது. அங்கே அசைவு அவருடையது அல்ல, அம்மனுடையது அல்லது வைரவருடையது. ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. வேறொரு பக்கத்தில் பிள்ளை 'வெருண்டுவிட்டால்' பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள். வெருளுதல் என்ற இந்தச் சொல்லின் உறவை யாழ்ப்பாணத்தார் கவனிக்கவேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அடுக்குகிற முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளில் 'வெரூஉதல்' ஒன்று, 'நடுக்கு' இன்னொன்று. உள்ளத்தில் நடப்பது உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. அப்படியானால் உள்ளத்தில் ஒன்றும் நடக்காமலே உடம்பில் தெரிகிறதை எங்கே வைப்பது? இலக்கணத்திலும் அவனுக்கு இடமில்லை.

வெருட்சியைப் பற்றிப் பேசும்போது மலாயாவைத் தாண்டிப் போக முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கிளாக்கராகவும் ரயில்வே உத்தியோகத்தராகவும் அங்கே போய், 'மலாயாப் பென்சன்காரர்' ஆகித் திரும்பி வந்தார்கள். அந்த நாட்டில் 'லாத்தா' என்று ஒன்று உண்டு. ஆளைத் திடுக்கிட வைத்தால் போதும். அவர், பெரும்பாலும் நடுவயதுப் பெண், எதிரில் நிற்பவரின் அசைவை அப்படியே திருப்பிச் செய்வார், வாயில் வரக்கூடாத சொற்கள் வரும். ஓ'பிரையன் என்ற ஆங்கில அதிகாரி 1883இல் இதைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே பாரிஸில் ஓர் இளம் வைத்தியர், லாத்தாவையும் அமெரிக்க மேயின் மாகாணத்து மரம்வெட்டிகளின் துள்ளல் நோயையும் சைபீரியாவின் 'மிரியாச்சித்'தையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பெயர் ஜோர்ஜ் ஜில் த லா தூரெற். அந்தக் கட்டு பிறகு அவிழ்ந்துவிட்டது. லாத்தாவுக்குத் திடுக்கிடல் வேண்டும், ரிக்குக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேடல்தான் அவரை 1885ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கொண்டுபோனது. அவருடைய ஆசான், நரம்பு வைத்தியர் சார்க்கோவின் சல்பெத்ரியே வைத்தியசாலையில் ஒன்பது நோயாளிகளின் கதை. அவர்களில் ஒருவர், இதார் என்ற வைத்தியர் 1825இலேயே எழுதிவைத்த தம்பியேர் சீமாட்டி. உயர்குலப் பெண்மணி, பேச்சின் நடுவே வசைச் சொல் வெடிக்கும். இன்று உலகம் தூரெற் நோய் என்று சொல்வது அங்கே பெயர் பெற்றது.

இந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்து நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஒரு சுவையும் ஒரு வருத்தமும் சேர்ந்து வருகின்றன. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கே வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் இறங்கிய அமெரிக்க வைத்தியர். 1864இலிருந்து மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 60க்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவர் கையில் உருவானார்கள். 'இரண வைத்தியம்' 1867இலும், 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்' ஆகியவை 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சாயின. தமிழில் நவீன மருத்துவம் எழுத முடியும் என்பதற்கு அதற்குப் பிறகு எவரும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கவில்லை. 1873இல் ஊர் திரும்பிய கிறீன் 1884இல் காலமானார். தூரெற்றின் கட்டுரை வந்தது அடுத்த ஆண்டு. மானிப்பாயின் சொல் உலை அணைந்த பிறகுதான் பாரிஸில் சரக்கு இறங்கியது.

அதே 1885இல், சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார், 1887இல் கலித்தொகையை. வெரூஉதலும் நடுக்கும் இருக்கிற நூலும், இடக்கண் ஆடுகிற நூலும் யாழ்ப்பாணத்தான் ஒருவன் கையால் வெளிச்சத்துக்கு வந்த அதே இரண்டு மூன்று ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தின் தமிழ் மருத்துவம் ஆங்கிலத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தது. பழைய துடிப்புகளுக்குப் பதிப்பாசிரியர் கிடைத்தார். புதிய துடிப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை.

இனி, அந்தப் பொடியனிடம் உள்ளது என்ன? வயது வந்தவர் பெரும்பாலும் கண் துடிக்கிறது என்று சொல்வது இமையைச் சுற்றியுள்ள மெல்லிய தசையின் நார்கள் தாமே சிலிர்ப்பது. நித்திரைக் குறைவு, அளவுமீறிய தேத்தண்ணி கோப்பி, மன அழுத்தம் ஆகியவை காரணம்; நாட்கணக்கில் தானே போய்விடும். உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் காணலாம். ரிக் வேறு சாதி. அது மூளையின் ஆழத்து அடித்தளக் கணுக்களுக்கும் மேற்பரப்புக்கும் இடையில் ஓடுகிற சுற்றுகளில் உண்டாகிறது. வழக்கமாக நாலு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சம். பதின்ம வயது முடிய முடியப் பலருக்குத் தணிந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நாலு மடங்கு. பல தசை அசைவுகளும் செருமல், முனகல் போன்ற ஒரு குரலாவதும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்து, 18 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால் அதைத் தூரெற் என்பார்கள். சினிமாவில் காட்டுகிற வசைச்சொல் வெடிப்பு பத்துப் பேரில் ஒருவருக்கு அல்லது சற்றுக் கூடுதலானோருக்கு மட்டுமே வரும்.

ஆனால் ஒரு விசயத்தைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் வீட்டுச் சண்டை முழுவதும் அதில்தான் நிற்கிறது. ரிக் வருவதற்குச் சற்று முன் உடம்பில் ஓர் அரிப்பு, ஒரு முட்டல். தும்மலுக்கு முன் மூக்கில் வருவதுபோல. அசைவைச் செய்தால் அந்த முட்டல் ஒரு கணம் தணியும். கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். கோயில் பூசையில், தலைமை ஆசிரியர் முன்னால் பொடியன் அடக்கிக் காட்டுவான். வீட்டுக்கு வந்ததும் அடக்கியதெல்லாம் வட்டியோடு வெளியே வரும். "அங்கை அடக்கினவன் இஞ்சை ஏன் ஏலாது? வேணுமெண்டு செய்யிறான்" என்று தகப்பன் கத்துவது இந்த இடத்தில்தான். அவர் கண்டது சரி. எடுத்த முடிவு பிழை. தும்மலைக்கூட ஒரு கணம் பிடித்து வைக்கலாம், அதற்காகத் தும்மல் வேண்டுமென்று வருவதாகாது.

இந்தப் பிழையை யாழ்ப்பாணத்துத் தகப்பன் மட்டும் செய்யவில்லை. 1921இல் பெரன்சி என்ற உளப்பகுப்பாளர் ரிக்கைத் தன்மோகத்தின் வெளிப்பாடாக விளக்கினார். வைத்தியர்கள் பல பத்தாண்டுகள் தாயின் வளர்ப்பையும் பிள்ளையின் குணத்தையும் குடைந்தார்கள். 1960களில் ஹலோபெரிடோல் என்ற மருந்துக்கு ரிக் தணிகிறது என்று கண்ட பிறகே நியூயோர்க்கின் ஷாப்பிரோ தம்பதியர் போன்றோர் இது நரம்பின் சங்கதி என்று நிலைநிறுத்தினார்கள். 1973இல் ஆஸ்ரின், நன் என்ற உளவியலாளர் இருவர் வேறு வழி காட்டினார்கள்: முட்டல் வருகிறதை உணரப் பழக்கி, அந்தக் கணத்தில் எதிரான இன்னோர் அசைவைச் செய்வித்தல். அதன் வளர்ந்த வடிவமே இன்று முதலில் பரிந்துரைக்கப்படுகிற சிகிச்சை. பிள்ளைக்கும் பிறருக்கும் தொல்லையில்லாத லேசான ரிக்குக்கு எதுவும் செய்யாமல் விடுவதும் சிகிச்சைதான். எமது பகுதியில் மறக்கக்கூடாத ஒன்று, வாதக்காய்ச்சலுக்குப் பிறகு வருகிற கொறியா. தொண்டை நோவு, மூட்டு வீக்கம் கண்ட பிள்ளையின் கை திடீரென நிலையில்லாமல் நெளிந்தால், பேனை கைநழுவினால், அது ரிக் அல்ல, இதயத்தையும் பார்க்கவேண்டிய அவசரம்.

வெள்ளைக்காரருக்கும் இந்தக் குழப்பம் இருந்தது என்பதற்கு என் விருப்பமான சாட்சி சாமுவேல் ஜோன்சன். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்டவர். அவருடைய தலையாட்டல், கையசைவு, வாசற்படியைக் கடக்கும்போது செய்கிற விசித்திரமான அடிவைப்புகள், வாய்க்குள் எழுப்பும் ஓசைகள் எல்லாவற்றையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொஸ்வெல் எழுதிவைத்தார். அது தூரெற் நோய் என்று இன்று மருத்துவர் பலர் கருதுகிறார்கள். ஒரு மொழியின் சொல்லுக்கெல்லாம் பொருள் எழுதியவரின் உடம்புக்கு அந்த மொழியில் அன்று பெயரில்லை.

நமக்குப் பெயர் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும் என்பதே என் கட்சி. பெயரில்லாத அசைவு பழி சுமத்தப்படும் அசைவாகிறது. பிழையான பெயர் அதைவிட மோசம். 'வலிப்பு' என்று சொன்னால் காக்கைவலி நினைவு வந்து, பத்து வயதுப் பெண் பிள்ளைக்குக் கலியாணக் கவலை தொடங்கிவிடும். 'நடுக்கம்' என்றால் தாளம் தவறாத கிழவர் கை. 'இசிவு' என்றால் ஏற்பின் வாடை. 'துடிப்பு' இதயத்துக்கும் துடிநூலுக்கும் போய்விட்டது. 'பழக்கதோசம்' என்பது நோயின் பெயரே அல்ல, குற்றப்பத்திரம்.

கிறீனும் அவருடைய மாணாக்கரும் கையாண்ட வழி மூன்று படி கொண்டது. தமிழில் சொல் இருந்தால் அதை எடு. இல்லாவிட்டால் வடமொழிக்குப் போ. அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தைத் தமிழ் ஓசைக்கு இணக்கு. 'அங்காதிபாதம்' இரண்டாம் படி, 'கெமிஸ்தம்' மூன்றாம் படி. ரிக்கை இந்தப் படிகளில் ஏற்றிப் பார்த்தால், மூன்றாவதில் ஜப்பானியரைப்போல அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்காரர் 'டிக்' என்றும் நாங்கள் 'ரிக்' என்றும் எழுதி, ஒரு நோய்க்கு இரண்டு அகரவரிசை இடம் கொடுக்கலாம். இரண்டாம் படியில் 'ஸ்புரணம்' காத்திருக்கிறது. அதுவும் துடிநூலின் ஆள்தான், வேலைக்கு உதவாது.

முதற்படியை மட்டும் அவசரப்பட்டுக் கடந்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. கலைச்சொல் ஆக்குவோர் பெயர்ச்சொல் பட்டியலைத்தான் புரட்டுவார்கள். தாய்மார் வினையில் பேசுகிறார்கள். "கண்ணை வெட்டுறான்", "செருமுறான்", "தோளை உலுப்புறான்". மூன்றும் துல்லியம், மூன்றிலும் பழியில்லை, திரும்பத் திரும்ப என்ற சாயலும் உள்ளேயே இருக்கிறது. இவற்றில் பரந்து செல்லக்கூடியது 'வெட்டு'. மின்னல் வெட்டும், கண் வெட்டும், தலை வெட்டும். திடீர், குறுகல், மறுபடி என்ற மூன்று இயல்பும் அதில் உண்டு. கண்வெட்டு, கழுத்துவெட்டு, தோள்வெட்டு என்று உறுப்போடு சேர்த்துச் சொன்னால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும். செருமலுக்கு 'குரல்வெட்டு' என்பது சற்று முரடு. செருமல் என்றே விட்டுவிடலாம்.

ஆட்சேபம் வராமலிராது. அறுவைப் பிரிவில் 'கழுத்துவெட்டு' என்று துண்டில் எழுதிக் கொடுத்தால் பொலிசுக்குத்தான் ஆள் போகும் என்று ஒரு வைத்திய நண்பர் சிரித்தார். நியாயமான சிரிப்பு. அவருக்காக எழுத்தில் 'தசைவெட்டு' என்று பொதுப்பெயர் வைத்து, உறுப்பின் பெயரை அடுத்த வரிக்குத் தள்ளலாம். வாய்ச்சொல்லில் தாய் சொன்ன வினையையே வைத்தியரும் திருப்பிச் சொன்னால் போதும்: "கண் வெட்டுது, வலிப்பில்லை, வேணுமெண்டு செய்யேல்லை." அதையே ரியூசன் ஆசிரியருக்கும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம்.